பழுது நீக்குமுன் பழுது காண்க

1875-ஆம் ஆண்டில் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்ட காலத்தில், ஓர் ஊரில் பெய்த மழையின் அளவு தாளில் எழுதப்பட்டு, கட்டாகக் கட்டி அலமாரியில் வைக்கப்பட்டது. அலமாரியின் சாவி தொலைந்தாலும் ஏடுகள் உள்ளேதான் இருந்தன. பூட்டை உடைத்தேனும் அவற்றை எடுத்துவிடலாம். இன்று மழைக் கணக்கும், நிலப் பதிவும், செயற்கைக் கோள் அனுப்பும் படமும், மாணவரின் தேர்வு மதிப்பெண்ணும் டிஸ்குகளில் எழுதப்படுகின்றன. பெரிய நிலையங்களில் அந்த டிஸ்குகள் கணக்கிடும் சர்வருக்கு உள்ளே இருப்பதில்லை. வேறோர் அறையிலோ, சில வேளைகளில் வேறொரு கட்டடத்திலோ, தனிப் பெட்டிகளில் அவை அடுக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையே இருப்பது மெல்லிய கண்ணாடி இழை. சர்வர்களையும் டிஸ்குப் பெட்டிகளையும் இவ்வாறு இணைக்கும் ஏற்பாட்டுக்குச் சேமிப்பு வலையமைப்பு என்று பெயர். தொழிலில் இதை 'ஸான்' என்பர்.

இத்தகைய நிலையம் ஒன்றில் ஒரு நாள் காலை, டிஸ்க் காணப்படவில்லை என்று சர்வர் அறிவிக்கிறது எனக் கொள்ளலாம். தொலைபேசி ஓயாமல் ஒலிக்கிறது. மேலதிகாரி வாயிலில் வந்து நிற்கிறார். பொறுப்பிலுள்ள ஊழியர் சர்வரை நிறுத்தி மீண்டும் இயக்குகிறார், பலனில்லை. இணைப்பு நிலையமாகிய ஸ்விட்சை நிறுத்தி இயக்குகிறார், அப்போதும் பலனில்லை. அன்றியும், அதுவரை நன்கு இயங்கிய வேறு சர்வர்களும் தடைபடுகின்றன. பின்னர் ஒரு கேபிளைப் பிடுங்கி வேறு போர்ட்டில் செருகுகிறார். அமைப்புகளில் இரண்டை மாற்றுகிறார். ஓர் அட்டையையும் மாற்றுகிறார். மாலையில் தொடர்பு எப்படியோ திரும்பிவிடுகிறது. எந்தச் செயலால் திரும்பியது என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆகவே அதே பழுது மறுமுறை வரும்போது, அதே அல்லல் முதலிலிருந்து தொடங்கும்.

இவ்வாறு பழுது நீக்கும் வழக்கம் பல இடங்களில் திறமை எனவே மதிக்கப்படுகிறது. ஆயின் இது திறமையன்று. தற்செயலை நம்பி இருத்தலேயாகும். சேமிப்பு வலையமைப்பில் இவ்வழக்கம் நேரத்தை வீணாக்குவதோடு நிற்பதில்லை. சேமித்து வைத்த செய்தியையே அழித்துவிடவும் கூடும். எனவே, பழுது இருக்கும் இடத்தை முறையாகக் காணும் பழக்கத்தைக் களப்பணியாளர் கைக்கொள்ளுதலும், ஆசிரியர் அதனை ஒரு பாடமாகவே கற்பித்தலும் இன்றியமையாதவை.

பெட்டிகள் பிரிந்த வரலாறு

முன்னாட்களில் டிஸ்க் சர்வரை ஒட்டியே இருந்தது. இரண்டையும் இணைத்த 'ஸ்கஸி' என்னும் முறை 1986-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. அம்முறையில் ஒரே கம்பித் தொடரில், கட்டுப்படுத்தும் அட்டையையும் சேர்த்து 8 சாதனங்களையே இணைக்க இயன்றது. சாதாரண வகைக் கம்பியின் நீளம் 6 மீட்டரைத் தாண்டலாகாது. ஒரு சர்வரின் டிஸ்கில் இடம் வீணே கிடக்க, அடுத்த சர்வர் இடமின்றித் திணறும். ஒன்றின் இடத்தை மற்றொன்றுக்கு வழங்குவதற்கு எளிய வழியில்லை.

1994-ஆம் ஆண்டில் 'ஃபைபர் சானல்' என்னும் தர நிர்ணயம் வெளிவந்தது. ஸ்கஸியின் கட்டளைகளையே ஒளியிழை வழியாக அனுப்புவதற்கு இது வழி செய்தது. மெல்லிய ஒற்றைமுறை இழையைக் கொண்டு 10 கிலோமீட்டர் வரையிலும் டிஸ்குகளை அப்பால் வைக்க இயன்றது. இடையில் ஸ்விட்சுகளை அமைத்து, பல சர்வர்கள் பல பெட்டிகளைப் பகிர்ந்துகொள்ளவும் இயன்றது.

இம்முன்னேற்றத்தில் இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி ஒருவருக்கும் பங்குண்டு. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து, இழைக் கட்டின் வழியே உருவத்தைச் செலுத்தும் ஆராய்ச்சியை 1954-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். கண்ணாடியிலுள்ள மாசு நீங்கினால் ஒளி நெடுந்தூரம் செல்லும் என்பதை 1966-இல் சார்ல்ஸ் காவோ எடுத்துக்காட்டினார்; அதற்காக 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இழைக்குள் இருந்த மாசை ஆராய்ச்சிசாலைகள் நீக்கிவிட்டன. இழையின் முனையில் படியும் தூசியை நீக்கும் பொறுப்போ களப்பணியாளரைச் சேர்ந்தது.

ஆறு நிபந்தனைகள்

ஒரு சர்வர் தொலைவிலுள்ள டிஸ்கைக் காண்பது ஒரே செயல் போலத் தோன்றினும், உண்மையில் அது ஆறு நிபந்தனைகள் நிறைவேறுவதன் பயனாகும். முதலாவதாக, ஒளி இரு திசைகளிலும் போதிய வலிமையோடு சென்று சேர வேண்டும். இரண்டாவதாக, ஹெச்.பி.ஏ. என வழங்கும் சர்வரின் இணைப்பு அட்டை ஸ்விட்சில் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மூன்றாவதாக, டிஸ்குப் பெட்டியும் அவ்வாறே பதிவு செய்திருக்க வேண்டும். நான்காவதாக, அவ்விரண்டும் ஸ்விட்சில் ஒரே ஸோனில், அதாவது ஒன்றையொன்று காண அனுமதிக்கப்பட்ட ஒரே குழுவில், சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். ஐந்தாவதாக, 'லன்' எனப்படும் குறிப்பிட்ட டிஸ்குப் பகுதியை அந்த சர்வருக்கு உரியதென டிஸ்குப் பெட்டி ஒதுக்கியிருக்க வேண்டும். ஆறாவதாக, சர்வரின் இயக்க மென்பொருள் அந்த லன்னைத் தேடிக் கண்டு, அதற்கான பல வழிகளையும் ஒரே டிஸ்காகச் சேர்த்து உணர வேண்டும்.

இவ்வாறனுள் எது தவறினும் சர்வரின் திரையில் தோன்றும் விளைவு ஒன்றே: டிஸ்க் இல்லை. ஆகவே விளைவை மட்டும் பார்த்துக் காரணத்தை ஊகிப்பவர், ஆறில் ஒன்றைக் குருட்டுப்போக்கில் தேர்ந்தெடுப்பவரே ஆவார். காய்ச்சல் என்றவுடன் பெயர் கேளாமல் மருந்து கொடுப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

கையைக் கட்டிக்கொண்டு கேட்கவேண்டிய கேள்விகள்

எந்தச் சாதனத்தையும் தொடுமுன் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று.

முதற்கேள்வி: பழுது எவ்வளவு பரந்தது? ஒரு சர்வருக்கு ஒரு லன் மட்டும் தெரியவில்லை எனில், ஒளியையும் கேபிளையும் சந்தேகிப்பதற்கு இடமே இல்லை; அதே பாதையில் மற்ற லன்கள் வந்துகொண்டிருக்கின்றன அல்லவா? அங்கே ஒதுக்கீட்டையே பார்க்க வேண்டும். ஒரு சர்வருக்கு ஒன்றுமே தெரியவில்லை எனில், அந்த சர்வரின் அட்டை, கேபிள், ஸோன் ஆகியவற்றை ஆராய வேண்டும். பல சர்வர்களுக்கு ஒரே பெட்டி தெரியவில்லை எனில், கோளாறு பெட்டியின் பக்கத்தில் இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி.

இரண்டாம் கேள்வி: அண்மையில் எது மாற்றப்பட்டது? நேற்றுவரை இயங்கியது இன்று நின்றதெனில், பெரும்பாலும் இடையில் யாரோ ஏதோ செய்திருப்பர். அட்டை மாற்றப்பட்டிருக்கலாம், மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருக்கலாம், குளிர்சாதனத்தைப் பழுது பார்க்க வந்தவரின் தோள் கேபிளில் இடித்திருக்கலாம். இதைக் குற்ற விசாரணை போலக் கேட்டால் உண்மை வெளிவராது. தண்டனைக்கு அஞ்சுபவர் மௌனம் சாதிப்பார். ஆகவே கேட்கும் விதமும் முறையின் ஒரு பகுதியே.

மூன்றாம் கேள்வியை ஸ்விட்சினிடம் கேட்க வேண்டும்: அந்த சர்வரின் பெயர் ஸ்விட்சின் பதிவுப் பட்டியலில் உள்ளதா? இக்கேள்வி ஆறு நிபந்தனைகளையும் இரு கூறாகப் பிரித்துவிடுகிறது. பெயர் இல்லையெனில் முதல் இரண்டில் தவறு. கேபிளை நோக்கிச் செல்லலாம். பெயர் உண்டெனில் ஒளி சென்று சேர்ந்துள்ளது என்பது உறுதி. கேபிளைத் தொடவேண்டிய தேவையில்லை. ஒரு நிமிடத்தில் கேட்டு முடிக்கக்கூடிய இக்கேள்வி, ஒரு நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.

ஒளி

பட்டியலில் பெயர் இல்லாதபோது முதலில் ஆராயவேண்டியது ஒளிப் பாதை. ஃபைபர் சானல் இணைப்பில் அனுப்புவதற்கு ஓர் இழையும் பெறுவதற்கு ஓர் இழையும் உண்டு. பேட்ச் பேனல்களின் வழியே செல்லும் நீண்ட பாதையில் இவ்விரண்டும் இடம் மாறிவிடுமானால், அனுப்பும் முனை அனுப்பும் முனையையே சந்திக்கும், தொடர்பு ஏற்படாது. புதிய இணைப்புகளில் இது அடிக்கடி காணப்படும் தவறு.

அடுத்தது தூசி. பலமுறை இழையின் உட்கருவின் விட்டம் 50 மைக்ரான் அல்லது 62.5 மைக்ரான், ஒற்றைமுறை இழையில் அது சுமார் 9 மைக்ரான் மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் அதன் பெரும்பகுதியை மறைத்துவிடக்கூடும். விரலால் துடைப்பதும் சட்டைத் துணியால் துடைப்பதும் எண்ணெய்ப் பசையைச் சேர்க்குமேயன்றி மாசை நீக்கா. இழை முனைக்கென அமைந்த துப்புரவுச் சாதனத்தால் துடைத்து, உருப்பெருக்கியால் பார்த்த பின்னரே செருக வேண்டும். மூடியின்றித் திறந்து கிடக்கும் முனை எதுவும் தூய்மையானதன்று எனக் கொள்வதே பாதுகாப்பு. இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம்: குறுந்தொலைவு இணைப்புகளில் 850 நானோமீட்டரும், நெடுந்தொலைவு இணைப்புகளில் 1310 நானோமீட்டரும் அலைநீளமுள்ள லேஸர் ஒளி பயன்படுகிறது. கண்ணுக்குப் புலப்படாத அவ்வொளி கண்ணுக்குத் தீங்கு செய்யவல்லது. இயங்கும் இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுசெல்லலாகாது. உருப்பெருக்கியின் வழியே பார்ப்பது அதனினும் அபாயம். ஒளியை நிறுத்திய பின்னரே பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நீளமும் வேகமும். பழைய கட்டடங்களில் பதிக்கப்பட்டுள்ள 'ஓ.எம்.2' வகை இழையில், நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் 500 மீட்டரும், 2 கிகாபிட்டில் 300 மீட்டரும், 4 கிகாபிட்டில் 150 மீட்டரும் செல்லலாம். 8 கிகாபிட்டிலோ 50 மீட்டருக்கே அனுமதி உண்டு. பல ஆண்டுகள் குறையின்றி உழைத்த 120 மீட்டர் கேபிள், புதிய அட்டை வந்தவுடன் பிழை தருவதன் காரணம் இதுவே. கேபிள் கெடவில்லை, அதனிடம் எதிர்பார்க்கும் வேகமே அதன் எல்லையைக் கடந்துவிட்டது.

வேகத்தைப் பற்றிய மற்றொரு தடையும் உண்டு. ஃபைபர் சானலில் ஒளியை அனுப்பிப் பெறும் சிறு உறுப்பு, பொதுவாகத் தன் வேகத்தோடு அதற்கு முந்திய இரண்டு தலைமுறை வேகங்களையே ஏற்கும். 32 கிகாபிட் உறுப்பு 16, 8 ஆகிய வேகங்களுக்கு இறங்கும், 4-க்கு இறங்காது. 4 கிகாபிட் வேகமுள்ள பழைய டேப் சாதனத்தை அதனுடன் இணைத்தால் இரண்டும் நலமாயிருந்தும் தொடர்பு பிறக்காது. ஸ்விட்ச் அனுமதிக்குமாயின், அந்த போர்ட்டில் 16 கிகாபிட் உறுப்பைப் பொருத்துவது இதற்கு எளிய பரிகாரம். இதை அறியாதவர் டேப் சாதனத்தைக் கெட்டுப்போனதெனக் கழித்துவிடுவார்.

ஒளியின் வலிமையையும் பிழைகளின் எண்ணிக்கையையும் ஸ்விட்சே எண்களாகக் காட்டுகிறது. அவ்வெண்களை நோக்காமல் கேபிளை மாற்றுவது, வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டே நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் கணிப்பதை ஒக்கும். பிழை எண்ணிக்கை நெடுநாள் சேர்ந்ததாகவும் இருக்கலாம். ஆகவே இருந்ததை எழுதிக்கொண்டு, பூஜ்யமாக்கி, சிறிது நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும் எண்ணே இன்றைய பழுதின் சாட்சி.

பெயர்

ஃபைபர் சானல் சாதனம் ஒவ்வொன்றுக்கும் அதனைச் செய்தவர் அளித்த 64 பிட் நீளமுள்ள உலகப் பெயர் ஒன்று உண்டு. 16 குறிகளால் அது எழுதப்படும். ஸ்விட்ச் தன்னிடம் பதிவு செய்யும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 24 பிட் நீளமுள்ள முகவரி ஒன்றை வழங்குகிறது. பெயர் மனிதனோடு செல்வது போலச் சாதனத்தோடு செல்லும். முகவரியோ குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தது.

இவ்வேறுபாட்டை உணராமையால் விளையும் பழுது மிகப் பரவலானது. பழுதான இணைப்பு அட்டையை நீக்கிப் புதியதைப் பொருத்துகின்றனர். ஒளி வருகிறது, ஸ்விட்சிலும் பதிவாகிறது, ஆயினும் டிஸ்க் இல்லை. புதிய அட்டைக்குப் பெயர் வேறு. ஸ்விட்சின் ஸோனிலும், டிஸ்குப் பெட்டியின் ஒதுக்கீட்டிலும் பழைய அட்டையின் பெயரே எழுதப்பட்டிருக்கிறது. காவலாளிக்குப் புதியவரைத் தெரியாதிருப்பது காவலாளியின் குற்றமன்று. இரு இடங்களிலும் பெயரைத் திருத்தினால் பழுது தீரும். திருத்தாமல் மூன்றாவது அட்டையை வாங்கிப் பொருத்தினாலும் தீராது.

ஸோன் அமைப்பில் இன்னொரு நுட்பம் உண்டு. திருத்திய அமைப்பைச் சேமித்து வைப்பது வேறு. அதைச் செயற்படுத்துவது வேறு. திருத்தம் சேமிப்பில் இருக்க, ஸ்விட்ச் பழைய அமைப்பின்படியே நடந்துகொண்டிருக்கும். திரையில் எழுத்து சரியாக இருப்பதைக் கண்டு ஐயம் தீர்ந்துவிடலாகாது. நடைமுறையில் உள்ள அமைப்பு எது என்பதைத் தனியே கேட்டறிய வேண்டும். அன்றியும், ஒரு ஸோனில் ஒரு சர்வர் அட்டையையும் அது காணவேண்டிய பெட்டியையும் மட்டும் வைக்கும் ஏற்பாடு சிறந்தது. பலவற்றை ஒரே ஸோனில் திணித்தால் ஒன்றின் தடுமாற்றம் மற்றவற்றையும் தாக்கும். பழுதைத் தனித்துக் காண்பதும் அரிதாகும்.

உரிமை

ஒளியும் பெயரும் சரியாயின், எஞ்சியது உரிமை. எந்த லன் எந்த சர்வருக்கு என்பதை டிஸ்குப் பெட்டி தன் ஒதுக்கீட்டுப் பட்டியலில் வைத்துள்ளது. பட்டியலில் சேர்த்த பின்னும் சர்வர் தானாக அறியாதிருக்கலாம். இயக்க மென்பொருளை மீண்டும் தேடுமாறு கட்டளையிட வேண்டும். இதற்காக சர்வரை நிறுத்தி இயக்கும் தேவை பொதுவாக எழுவதில்லை.

மிகப் பெரிய அபாயம் நேர்வது இவ்விடத்திலேதான். அவசரத்தில் வேறொரு சர்வருக்குரிய லன்னைத் தவறுதலாக ஒதுக்கிவிட்டதாகக் கொள்ளலாம். அதிலுள்ள அமைப்பு இந்த சர்வருக்குப் புரியாதபோது, அது ஒரு புதிய வெற்று டிஸ்க் எனக் கருதி, இதைத் துவக்கலாமா என இயக்க மென்பொருள் கேட்கும். காலையிலிருந்து டிஸ்கைத் தேடிக் களைத்திருக்கும் ஊழியர், கிடைத்துவிட்டது என்னும் மகிழ்ச்சியில் இசைவு தெரிவிப்பாராயின், தொடர்ந்து வடிவமைக்கும்போது மற்றொரு துறையின் பல்லாண்டுச் செய்தி அழிந்துபோகக்கூடும். அன்றி, சாதாரணக் கோப்பு முறையுள்ள ஒரே லன்னில் இரண்டு சர்வர்கள் ஒன்றையொன்று அறியாமல் எழுதினாலும் செய்தி சிதையும். தொடர்பு அறுந்தால் தொடர்பையே இழக்கிறோம். தவறான தொடர்பு ஏற்பட்டால் செய்தியையே இழக்கிறோம். ஆகவே தோன்றிய லன்னின் அளவையும் தனி அடையாள எண்ணையும் பதிவேட்டோடு ஒப்பிட்ட பின்னரே எக்கேள்விக்கும் இசைவு தர வேண்டும். பழுது நாளில் துவக்குதல், வடிவமைத்தல் ஆகிய கட்டளைகளை ஒருவர் தனித்து இடலாகாது என்னும் விதி எல்லா நிலையங்களுக்கும் ஏற்றது.

அரைப் பழுது

நன்கு அமைந்த வலையமைப்பில் சர்வரிலிருந்து டிஸ்குக்கு இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கும். ஒன்று அறுந்தால் மற்றொன்று வேலையைத் தொடரும். பாதைகளைக் கண்காணிக்கும் பொறுப்பு 'மல்டிபாத்' என்னும் பன்வழி மென்பொருளைச் சேர்ந்தது. இது பெரிய வரம். ஆயினும் கவனியாதவருக்கு இதுவே சாபமாகும். ஒரு பாதை அறுந்ததை ஒருவரும் உணராமல் மாதங்கள் கழியலாம். பின்னொரு நாள் இரண்டாம் பாதையில் சிறு பராமரிப்பு வேலை தொடங்கும் கணத்தில் யாவும் நின்றுவிடும். அன்று பழி பராமரிப்புக்கு வந்தவர் மேல் விழும்; உண்மையில் பழுது நெடுநாள் முன்பே நேர்ந்துவிட்டது. எனவே ஒவ்வொரு வாரமும் பாதைகளை எண்ணிப் பார்ப்பதும், எவ்வேலையையும் தொடங்குமுன் மறுபாதை உயிரோடிருப்பதை உறுதி செய்வதும் கட்டாயமாக வேண்டும்.

ஓர் ஆட்சேபம்

பொதுமக்கள் வரிசையில் காத்திருக்கும்போது ஆராய்ச்சி நடத்துவது முறையா, முதலில் சேவை திரும்பட்டும், காரணத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று கூறுவோர் உளர். இவ்வாட்சேபம் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. வரிசையில் நிற்பவருக்கு ஸோனும் லன்னும் பொருட்டல்ல. அவர் கேட்பது தம் சான்றிதழையே.

ஆயினும், முறையான தேடலே பெரும்பாலும் விரைவான தேடலுமாகும். மூன்று கேள்விகளுக்கும் விடை காண சில நிமிடங்களே வேண்டும். குருட்டு முயற்சியோ மணிக்கணக்கில் நீளும். மேலும் ஸ்விட்சை நிறுத்தி இயக்கினால், அதுவரை சேர்ந்த பிழை எண்ணிக்கைகள் அழிந்துவிடும். சாட்சியைத் தம் கையாலேயே அழித்தபின் காரணத்தைப் பின்னர் பார்ப்பது எங்ஙனம்? நிறுத்தி இயக்குதல் ஒருபோதும் கூடாதென்பதில்லை. சாதனத்தின் மென்பொருள் உறைந்துபோன நிலையில் அதுவே சரியான பரிகாரமாக இருக்கலாம். ஆனால் நிலைமையைக் குறித்துக்கொண்ட பின், மறுபாதை இயங்குவதை அறிந்த பின், ஒரு சாதனத்தை மட்டும் என்னும் வரம்போடு அது செய்யப்பட வேண்டும்.

இதில் மேலதிகாரிகளுக்கும் பொறுப்புண்டு. சேவை எத்தனை நிமிடத்தில் திரும்பியது என்பதை மட்டும் கேட்கும் அலுவலகம், தன் ஊழியரைக் குருட்டு முயற்சிக்கே பழக்குகிறது. காரணம் என்ன, அது மீண்டும் வந்ததா என்னும் கேள்விகளையும் அதே அழுத்தத்தோடு கேட்டால், ஊழியரின் பழக்கம் தானே மாறும்.

செய்யத்தக்கவை

களப்பணியாளர் செய்யத்தக்கது முதலில் ஒரு பதிவேடு. ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளும் எங்கே செல்கின்றன, ஒவ்வோர் அட்டையின் உலகப் பெயர் எது, எந்த ஸோன், எந்த லன், அதன் அடையாள எண் எது, நலமாயிருந்த நாளில் ஒளியின் வலிமை எவ்வளவு என்பன அதில் இருக்க வேண்டும். நல்ல நாளின் எண் தெரியாதவருக்குக் கெட்ட நாளின் எண் எதையும் உணர்த்தாது. பழுது நாளில், ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்பதை விரதமாகக் கொள்ள வேண்டும். மாற்றத்தை நேரத்தோடு எழுதி, பலனைப் பார்த்து, பலனில்லையேல் பழைய நிலைக்குத் திருப்பிய பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும்.

ஆசிரியர்களின் பணி இதனினும் பெரிது. பாலிடெக்னிக்குகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இணைப்பை அமைப்பது கற்பிக்கப்படும் அளவுக்கு, அறுந்த இணைப்பை ஆராய்வது கற்பிக்கப்படுவதில்லை. விலையுயர்ந்த ஃபைபர் சானல் சாதனங்கள் இல்லை என்பது இதற்குக் காரணமாக வேண்டியதில்லை. 2004-இல் தர நிர்ணயம் பெற்ற 'ஐஸ்கஸி' என்னும் முறை, அதே ஸ்கஸி கட்டளைகளைச் சாதாரண ஈதர்நெட் வழியே அனுப்புகிறது. லினக்ஸ் நிறுவிய இரண்டு சாதாரணக் கணிப்பொறிகளும் ஒரு சிறு ஸ்விட்சும் இருந்தால், ஒன்றை டிஸ்குப் பெட்டியாகவும் மற்றொன்றை சர்வராகவும் அமைத்துவிடலாம்.

அவ்வாறு அமைத்தபின், மாணவர் வருமுன் ஆசிரியர் தாமே ஒரு பழுதை உண்டாக்கி வைக்கலாம். அனுமதிப் பட்டியலில் சர்வரின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றலாம். ஐஸ்கஸிக்குரிய 3260-ஆம் எண் போர்ட்டை மூடிவிடலாம். கணிப்பொறிகள் இரண்டிலும் செய்திப் பொதியின் உச்ச அளவை 9000 என வைத்து, இடையிலுள்ள ஸ்விட்சில் 1500 என விட்டுவிடலாம். இந்த மூன்றாவது பழுது மிகவும் போதனை மிக்கது: பதிவு நடக்கும், டிஸ்கும் தெரியும், பெரிய கோப்பை எழுதத் தொடங்கியவுடன் யாவும் உறைந்து நிற்கும். மாணவருக்கு மதிப்பெண் வழங்கும்போது, பழுதைச் சரி செய்ததற்குப் பாதியும், எந்த நிபந்தனை தவறியது, அதை எந்தச் சான்றால் அறிந்தார் என்பதை எழுதியதற்குப் பாதியும் அளிப்பது பொருத்தமாகும்.

இறுதியாக, அப்பதிவேட்டை எங்கே வைப்பது என்பதையும் கூற வேண்டும். பதிவேட்டைக் கணிப்பொறியில் எழுதி, அதே சேமிப்பு வலையமைப்பின் டிஸ்கிலேயே வைத்துவிடுவது எளிதில் நேரும் பிழை. டிஸ்க் காணாமற்போன நாளில் பதிவேடும் உடன் காணாமற்போகும். ஆகவே அதன் படி ஒன்று தாளில் அச்சிடப்பட்டு, தேதியிட்டு, சர்வர் அறையின் அலமாரியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் அது புதுப்பிக்கப்பட வேண்டும். மழையளவைத் தாளில் எழுதி அலமாரியில் வைத்த பழைய ஊழியரின் ஒழுங்கு இன்றும் பயன்படும் இடம் அது.